நீலகிரியில் ஃப்ளூ காய்ச்சல்: கணக்கு எப்படி எடுக்கிறார்கள், அதை எப்படிப் படிப்பது?

மழை பிடித்தாலும் சரி, பனி இறங்கினாலும் சரி, மலையில் வீட்டுக்கு ஒருவர் இருமத் தொடங்கிவிடுவார். கூடவே "இந்த வருஷம் ரொம்ப அதிகமாம்", "ஏதோ புது வைரஸாம்" என்ற பேச்சும் வாட்ஸ்அப்பில் கிளம்பிவிடும். உண்மையிலேயே அதிகமா என்று பார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு யார் கையால் உருவாகிறது, எங்கே ஓட்டை விழுகிறது என்பதுதான் வெளியே தெரிவதில்லை. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் அடிக்கடி காதில் விழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

ஃப்ளூவும் சாதாரண சளியும் ஒன்றுதானே?

இல்லை. சளி இரண்டு மூன்று நாளாக மெல்ல ஏறும். தும்மலும் மூக்கொழுகலுமாகப் போய்விடும். ஃப்ளூ திடீரென்று தாக்கும். காலையில் நன்றாக வேலைக்குப் போனவர் சாயங்காலம் போர்வைக்குள் சுருண்டுவிடுவார். காய்ச்சல், வறட்டு இருமல், தலைவலி, உடம்பு முழுக்க அடித்துப்போட்ட மாதிரி வலி, எல்லாம் ஒன்றாக வரும்.

இதற்குக் காரணம் இன்ஃபுளுயென்சா வைரஸ். இப்போது வருடாவருடம் நம்மிடையே சுற்றிவருபவை ஏ வகையில் எச்1என்1, எச்3என்2. பி வகையில் விக்டோரியா. பி வகையின் இன்னொரு கிளையான யமகாட்டா 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்குமே உறுதியாகக் கண்டறியப்படவில்லை. வைரஸ் உடம்பில் புகுந்து 1 முதல் 4 நாளுக்குள் காய்ச்சல் தெரியும். ஆனால் காய்ச்சல் வருவதற்கு ஒரு நாள் முன்பே அவர் மற்றவருக்குப் பரப்பத் தொடங்கியிருப்பார்.

பன்றிக் காய்ச்சல் என்கிறார்களே, அது வேறா?

2009-இல் உலகம் முழுக்கப் பரவிய எச்1என்1-க்கு அப்போது ஒட்டிய பெயர் அது. இன்று அது பருவகால ஃப்ளூக்களில் ஒன்று. சமைத்த பன்றி இறைச்சியால் வராது. மனிதரிடமிருந்து மனிதருக்குத்தான் வருகிறது.

இத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று யார் கணக்கு எடுக்கிறார்கள்?

மூன்று கைகளைத் தாண்டி வருகிறது அந்தக் கணக்கு. முதல் கை கிராம சுகாதார செவிலியர். வீடு வீடாகப் போகும்போதோ துணை சுகாதார நிலையத்திலோ பார்த்த காய்ச்சல்காரர்களை அறிகுறியை மட்டும் வைத்துப் பதிவார். இரண்டாவது, ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் இருக்கும் மருத்துவர். நோயாளியைப் பார்த்து, இது இன்னதாக இருக்கும் என்ற தன் கணிப்பைப் பதிவார். மூன்றாவது ஆய்வகம்: மாதிரியைச் சோதித்து, உறுதியானதை மட்டும் பதியும்.

2004-இல் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் தொடங்கியதிலிருந்து இந்த மூன்று படிகள் உண்டு. முன்பு இவை மூன்று தனித்தனிப் படிவங்களாக வாரம் ஒருமுறை போய்க்கொண்டிருந்தன. 2021 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் ஐ.எச்.ஐ.பி. என்ற இணையத் தளத்துக்கு மாறி, அன்றாடம் பதியும் முறை வந்தது. வட்டாரத்திலிருந்து மாவட்ட சுகாதார அலுவலகம், அங்கிருந்து சென்னையில் உள்ள பொது சுகாதாரத் துறை, அப்புறம் டெல்லியில் உள்ள தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் என்று எல்லாப் படியிலும் அதைப் பார்க்கலாம்.

மூன்று கை என்பதால் எண்ணும் மூன்று விதமாக இருக்கும். பத்து நாளுக்குள் தொடங்கிய, 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் அளவுக்குக் குறையாத காய்ச்சலும் இருமலும் இருந்தால் 'ஃப்ளூ போன்ற காய்ச்சல்'. அதே நிலையில் மருத்துவமனையில் சேர்க்கவேண்டி வந்தால் 'தீவிர சுவாசத் தொற்று'. ஆய்வகம் சொன்னால்தான் 'ஃப்ளூ'. செய்தியில் ஒரு எண்ணைப் பார்த்தால் இந்த மூன்றில் எது என்று முதலில் பாருங்கள். முதல் எண்ணைப் போட்டு மூன்றாவதின் தலைப்பை வைத்துவிட்டால் ஊரே பயந்துபோகும்.

எனக்குக் காய்ச்சல், ஆனால் டெஸ்ட் எடுக்கவில்லை. ஏன்?

மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல் நோயாளிகளை மூன்றாகப் பிரிக்கிறது. லேசான காய்ச்சல், இருமல் என்றால் ஏ பிரிவு: சோதனையும் வேண்டாம், வைரஸ் மருந்தும் வேண்டாம், வீட்டில் ஓய்வு போதும். காய்ச்சலும் தொண்டை வலியும் கடுமையாக இருந்தாலோ, அல்லது லேசான காய்ச்சலே ஆனாலும் கர்ப்பிணி, சிறு குழந்தை, 65 வயது தாண்டியவர், இதயம், நுரையீரல், சிறுநீரகக் கோளாறோ சர்க்கரை நோயோ உள்ளவர் என்றாலோ பி பிரிவு. இவர்களுக்கும் சோதனை தேவையில்லை. தேவைப்பட்டால் மருத்துவர் ஓசல்டாமிவிர் என்ற வைரஸ் மருந்தை எழுதுவார். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம், சளியில் ரத்தம், நகம் நீலம் பாய்வது என்று வந்தால் சி பிரிவு. உடனே மருத்துவமனையில் சேர்த்து, மாதிரி எடுப்பார்கள்.

ஆக, ஆய்வகத்தில் உறுதியானது என்று வரும் எண் பெரும்பாலும் சி பிரிவு ஆட்களின் எண். ஊரில் படுத்திருப்பவர்களில் மிகச் சிலர்தான் அதில் இருப்பார்கள். எல்லோருக்கும் சோதனை எடுக்காததில் தவறில்லை. ரிசல்ட் எதுவானாலும் ஏ பிரிவுக்காரருக்குச் சிகிச்சை மாறப்போவதில்லை.

மூக்கில் எடுத்த மாதிரி எங்கே போகிறது?

மெல்லிய செயற்கை இழைக் குச்சியை மூக்கின் உள்ளேயும் தொண்டையிலும் விட்டு எடுப்பார்கள். மரக்குச்சியில் சுற்றிய பஞ்சு உதவாது; சோதனையே கெட்டுவிடும். குச்சியின் கழுத்தில் ஒரு கீறல் இருக்கும். அந்த இடத்தில் ஒடித்து, இளஞ்சிவப்புத் திரவம் உள்ள சின்னக் குழாய்க்குள் போட்டு மூடி, பெயர், வயது, தேதி ஒட்டுவார்கள். ஆய்வகம் போய்ச் சேரும்வரை வைரஸ் சிதையாமல் இருக்கத்தான் அந்தத் திரவம். பிறகு மூன்று அடுக்காகப் பொதிந்து, ஐஸ் பேக் வைத்த பெட்டியில், வைரஸின் மரபணுவைத் தேடும் ஆர்டி-பிசிஆர் சோதனை வசதியுள்ள ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும். இரண்டு மூன்று நாளுக்குள் போய்ச் சேரவேண்டும்.

சமவெளியில் இது பெரிய விஷயமில்லை. இங்கே பந்தலூரிலிருந்தோ மஞ்சூரிலிருந்தோ ஒரு பெட்டி கிளம்பினால் எத்தனை கொண்டை ஊசி வளைவு, எத்தனை இடத்தில் மண் சரிய வாய்ப்பு என்று யோசித்துப் பாருங்கள். ஃப்ளூ அதிகமாகும் அதே மழை வாரத்தில்தான் ரோடும் அடைபடுகிறது. காய்ச்சல் தொடங்கி மூன்று நான்கு நாளுக்குள் எடுத்த மாதிரியில்தான் வைரஸ் நன்றாகத் தெரியும். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து, பெட்டி இரண்டு நாள் தாமதமாகிப் போனால், ஃப்ளூ இருந்தாலும் 'இல்லை' என்றே வரக்கூடும்.

மாநில அளவில் தலைமை ஆய்வகம் சென்னை கிண்டியில் 1899-இல் தொடங்கிய கிங் நோய்த்தடுப்பு மருந்து மற்றும் ஆராய்ச்சி நிலையம். வைரஸின் மரபணு மாறியிருக்கிறதா என்பது போன்ற நுட்பமான சோதனைகளுக்கு புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம் இருக்கிறது.

போன வாரம் 4 பேர், இந்த வாரம் 8 பேர். இரட்டிப்பாகிவிட்டதா?

எத்தனை பேரைச் சோதித்தார்கள் என்று தெரியாமல் சொல்லவே முடியாது. உதாரணத்துக்கு, போன வாரம் 20 மாதிரியில் 4 பேருக்கு உறுதி; 20 சதவீதம். இந்த வாரம் 80 மாதிரியில் 8 பேருக்கு உறுதி, 10 சதவீதம். எண் கூடியிருக்கிறது, பரவல் கூடியதாகத் தெரியவில்லை. மாதிரி கூடியதற்கு எத்தனையோ காரணம் இருக்கலாம். 2023 மார்ச்சில் எச்3என்2 பரவியபோது, மார்ச் 10 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 1000 இடங்களில் காய்ச்சல் முகாம் நடத்தினார்கள். இப்படி முகாம் நடந்த வாரத்தின் எண்ணை முகாம் இல்லாத வாரத்தோடு நேருக்கு நேர் வைக்கக்கூடாது. தீபாவளி, பொங்கல் வாரங்களில் இதற்கு நேர்மாறு: கணக்கு படுத்துவிடும், காய்ச்சல் படுக்காது.

மாவட்டங்களை ஒப்பிடும்போதும் இதே கதைதான். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நீலகிரியில் மொத்தம் 7.35 லட்சம் பேர். சென்னையோடு வெறும் எண்ணை ஒப்பிட்டு "நம்ம ஊரில் ஒன்றுமில்லை" என்று சொல்வது அர்த்தமில்லாதது. லட்சம் பேருக்கு எத்தனை என்று பார்க்கவேண்டும்.

எந்த மாதத்தில் ஃப்ளூ அதிகம்?

என்னைப் பொறுத்தவரை இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். இந்தியா முழுவதற்கும் பொதுவாகச் சொல்வது இரண்டு உச்சம்: ஜனவரி முதல் மார்ச் வரை ஒன்று, பருவமழையை ஒட்டி ஒன்று. ஆனால் எந்தப் பருவமழை? கேரளத்தில் தென்மேற்குப் பருவமழையோடு, ஜூன், ஜூலையில் ஏறுகிறது. சென்னை, வேலூர் பக்கம் வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபர், நவம்பரில் ஏறுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இப்போது நம் மாவட்டத்தைப் பாருங்கள். கூடலூர், பந்தலூர், தேவாலாவில் ஜூன் தொடங்கினால் தென்மேற்கு மழை கொட்டித் தீர்க்கும். அதே ஜூலையில் கோத்தகிரியில் வெயில்கூட அடிக்கும். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் மழை அக்டோபர், நவம்பரில். ஊட்டிக்கு இரண்டிலும் பங்கு உண்டு. அப்புறம் டிசம்பர், ஜனவரியில் உறைபனி வேறு. ஜன்னலைச் சாத்திக்கொண்டு எல்லோரும் ஒரே அறையில் அடைந்து கிடக்கும் மாதம் தாலுகாவுக்குத் தாலுகா மாறுகிறது. ஃப்ளூ பரவ அதைவிட வசதி என்ன வேண்டும்?

அதனால் தமிழ்நாடு முழுவதற்கும் ஒரே கோடாக வரையும் படம் நமக்குப் பாதிதான் உதவும். ஜூலையில் கூடலூரில் கூட்டம் கூட்டமாகக் காய்ச்சல் வந்தாலும் மாநிலக் கோடு அசையாமல் இருக்கலாம், ஏனென்றால் சமவெளியில் அப்போது கோடையின் வால். நீலகிரி என்று ஒரே எண்ணாகப் போட்டாலும், கூடலூர் ஏறுவதும் கோத்தகிரி இறங்குவதும் ஒன்றையொன்று மறைத்துவிடும். தாலுகாவாரியாக வாரக் கணக்கை மக்கள் பார்க்கும்படி வெளியிடவேண்டும் என்பது என் ஆசை. தரவு சேரும்போது ஊர்ப் பெயரோடுதான் சேர்கிறது. பிரித்துக் காட்டுவது முடியாத காரியமில்லை.

எஸ்டேட்டில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். ஆனால் கணக்கில் ஒன்றுமே இல்லையே?

கணக்கில் விழும் பெரிய ஓட்டை இது. கொழுந்து எடுக்கும் ஒரு அக்காவுக்கு ராத்திரி காய்ச்சல். காலையில் வேலைக்குப் போகவில்லை என்றால் செக்ரோலில், அதாவது எஸ்டேட்டின் வருகைப் பதிவேட்டில், பெயர் ஏறாது, அன்றைய கூலி போச்சு. கடையில் ஒரு பாராசிட்டமால் வாங்கிப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தேயிலைக் காட்டுக்குப் போய்விடுவார். மத்தியானம் எடை போடும் இடத்தில் எல்லோரும் நெருக்கியடித்து நிற்பார்கள். சாயங்காலம் லயன் வீடு, எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டியது. ஒரே அறையில் ஐந்தாறு பேர். நாலாம் நாள் அவருக்குச் சரியாகிவிடும். அதற்குள் இரண்டு வீட்டுக்குப் போய்விட்டிருக்கும். எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் இல்லை.

தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-இலேயே தோட்டங்களில் மருத்துவ வசதி வேண்டும் என்று சொன்னது. அதனால் பெரிய எஸ்டேட்டுகளில் டிஸ்பென்சரியும் ஒரு பதிவேடும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பதிவேட்டில் உள்ள காய்ச்சல் ஆரம்ப சுகாதார நிலையத்தின் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தால் பாதிப் பிரச்சினை தீரும். அரைக்காணி, ஒரு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகளுக்கும், அவர்களிடம் கூலிக்குப் போகிறவர்களுக்கும் அதுகூட இல்லை.

பழங்குடிக் கிராமங்களில் தூரம்தான் தடை. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர், இருளர் குடியிருப்புகள் பலவற்றுக்கு பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடக்கவேண்டும். வழியில் யானை பயம். நடமாடும் மருத்துவக் குழு வரும் நாளில்தான் அங்கே காய்ச்சல் 'இருக்கிறது'. மற்ற நாளில் இருப்பது எழுதப்படுவதில்லை. ஒரு ஊரிலிருந்து பூஜ்யம் வந்தால், அங்கே யாருக்கும் காய்ச்சல் இல்லையா, இல்லை யாரும் போய்ப் பார்க்கவில்லையா என்று கேட்கத் தெரிந்த ஒருவர் வட்டார அளவில் இருக்கவேண்டும். நல்ல சுகாதார ஆய்வாளர்கள் இதைத்தான் செய்கிறார்கள். பூஜ்யம் வந்த ஊருக்கே முதலில் போகிறார்கள்.

கூடலூர்க்காரர் சுல்தான் பத்தேரியில் சேர்ந்தால் யார் கணக்கு?

முதலில் கேரளத்தின் கணக்கு. சேர்ந்த மருத்துவமனைதான் பதியும். முகவரி நீலகிரி என்று சரியாக எழுதியிருந்தால் தகவல் இங்கே வந்துசேர வழி உண்டு. உறவினர் வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டால் நோயாளி வயநாட்டுக்காரர் ஆகிவிடுவார். குன்னூர், கோத்தகிரிக்காரர்கள் கோவைக்குப் போகும்போதும் இதேதான். ஆஸ்பத்திரியில் முகவரி கேட்டால் தங்கும் ஊரையே சொல்லுங்கள்.

சீசனில் வரும் சுற்றுலாப் பயணிகளால்தான் பரவுகிறதா?

அவர்கள் கொண்டுவருவதும் உண்டு, இங்கிருந்து கொண்டுபோவதும் உண்டு. மே மாதம் மலர்க் கண்காட்சியின் நெரிசலில் தொற்றியவருக்கு ஊருக்குத் திரும்பிய பிறகுதான் காய்ச்சல் வரும். 1 முதல் 4 நாள் என்று மேலே சொன்னேன் அல்லவா. அவர் சென்னையின் கணக்கிலோ பெங்களூரின் கணக்கிலோ இருப்பார். தொற்றிய இடம் ஊட்டி என்பது எங்கும் வராது. அதே நேரம் லாட்ஜ் ஊழியர், டாக்ஸி டிரைவர், கடைக்காரர் ஆகியோர் நம் கணக்கில் வரவேண்டியவர்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வர இ-பாஸ் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் ஆனது. எந்த வாரம் எவ்வளவு கூட்டம் என்பது அதில் தெரிகிறது. சீசன் வாரங்களின் காய்ச்சல் எண்ணை அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நல்லது.

குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துக்கும் ஃப்ளூவுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, நம்மூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவேண்டிய சம்பந்தம். 1907-இல் வெறிநாய்க்கடி சிகிச்சைக்காகத் தொடங்கிய நிறுவனம் அது. 1957-இல் ஆசிய ஃப்ளூ உலகைச் சுற்றியபோது இந்திய அரசின் இன்ஃபுளுயென்சா மையம் குன்னூரில் அந்த நிறுவனத்துக்குள்தான் இயங்கியது. அந்த ஃப்ளூ மே மாதத்தில் சிங்கப்பூர்ப் பக்கமிருந்து கப்பலில் சென்னைத் துறைமுகத்துக்கு வந்து நாடெங்கும் பரவியது. குன்னூர் மையம் தொகுத்த இந்திய விவரம் 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியானது. கணினியும் போன் டேட்டாவும் இல்லாத காலத்தில் ஒரு மலையூரில் உட்கார்ந்து நாட்டின் ஃப்ளூவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

'மர்மக் காய்ச்சல்' என்று செய்தி வருகிறதே?

இன்னும் சோதனை முடியவில்லை என்பதற்கு வைக்கும் பெயர் அது. பெரும்பாலும் சில நாளில் தெரிந்த பெயர் ஒன்று கிடைத்துவிடும். ஆனால் எல்லாமே ஃப்ளூவாக இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். மலையில் உண்ணிக் காய்ச்சல் உண்டு; புதரிலும் புல்லிலும் இருக்கும் சின்னப் பூச்சி கடிப்பதால் வரும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி கருத்த பொருக்கு இருக்கலாம். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் தேடிப் பாருங்கள். அதற்கு டாக்ஸிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் உடனே வேண்டும். "ஃப்ளூதான், தானே போகும்" என்று காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. ஈரமண்ணிலும் சேற்றிலும் வேலை செய்பவர்களுக்கு எலிக் காய்ச்சல் வரலாம். இருமலே இல்லாமல் ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல் அடித்தால் ஃப்ளூ என்று முடிவுகட்டாமல் மருத்துவரிடம் போங்கள். காட்டுக்கோ தோட்டத்துக்கோ போவதை அவரிடம் சொல்லுங்கள்.

தடுப்பூசி எப்போது போடுவது?

தேசிய இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இது இல்லை. வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் ஊசியின் உள்ளடக்கத்தை உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் பரிந்துரைக்கிறது. போன வருடம் போட்டது இந்த வருடத்துக்கு ஆகாது. போட்டு இரண்டு வாரம் ஆனால்தான் பாதுகாப்பு. எனவே கூடலூர், பந்தலூரில் இருப்பவர்கள் மே மாதத்துக்குள், கோத்தகிரி, குன்னூரில் இருப்பவர்கள் பிந்தினாலும் செப்டம்பருக்குள் என்று வைத்துக்கொள்ளலாம். கர்ப்பிணிகளும் வயதானவர்களும் ஆஸ்துமா, சர்க்கரை, இதயநோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டு முதலில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஓசல்டாமிவிர் மாத்திரையை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாத மருந்து அது. காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நல்ல பலன். அதனால்தான் பி பிரிவில் இருப்பவர்கள் முதல் நாளே போகவேண்டும் என்கிறேன். ஃப்ளூவுக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது.

எங்கள் ஹட்டியில் (படுகர் கிராமத்தில்) ஒரே நேரத்தில் பத்துப் பேருக்குக் காய்ச்சல். யாரிடம் சொல்வது?

உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம். அவர் கிடைக்கவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு போன், இல்லை 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்கு. பள்ளியாக இருந்தால் தலைமையாசிரியரே சொல்லலாம். ஒரு வகுப்பில் திடீரென்று கால்வாசிப் பிள்ளைகள் வரவில்லை என்றால் ஆய்வக ரிசல்ட்டுக்கு முன்பே கிடைக்கும் தகவல் அது.

"ஊரே காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால் அவர்களுக்கு உதவாது. எத்தனை வீடு, எத்தனை பேர், முதல் ஆளுக்கு எந்தத் தேதியில் தொடங்கியது, குழந்தைகளா பெரியவர்களா, இருமல் இருக்கிறதா, யாருக்காவது மூச்சு வாங்குகிறதா, கல்யாணம், சாவு, திருவிழா என்று எல்லோரும் ஒன்றுகூடினார்களா, இதைச் சொல்லுங்கள். ஊரில் கோழிகள் கூட்டமாகச் செத்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சலா என்று கால்நடைத் துறை பார்க்கும். அவர்கள் வரும்வரை செத்த கோழியை வெறுங்கையால் தொடவேண்டாம், பிள்ளைகளையும் விடவேண்டாம்.